காதைப் பிறாண்டும் நாய்

காதில் மருந்து விட்டால் சரியாகிறது. அடுத்த மாதமே நாய் மறுபடி தலையை உதறிக் காதைப் பிறாண்டுகிறது. காக்கர் ஸ்பானியல், லாப்ரடார் வளர்ப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

நாயின் காதுக்குழாய் கீழே இறங்கி, பிறகு உள்ளே திரும்புகிறது. அந்த வளைவில் ஈரமும் அழுக்கும் தங்கினால் மலசீசியா என்ற பூஞ்சை பெருகும். ஆனால் இந்தத் தொல்லை திரும்பத் திரும்ப வந்தால், பெரும்பாலும் வேர் காதில் இல்லை. உணவாலோ தூசியாலோ வரும் தோல் ஒவ்வாமையில் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் சொட்டு மருந்தை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தால், பாவம், அவதிப்படுவது அந்த வாயில்லா ஜீவன்தான்.

காதழுக்கை நுண்ணோக்கியில் பார்க்கும்படி கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். புட்டியில் மிச்சமிருக்கும் பழைய மருந்தை நீங்களாக விடாதீர்கள். செவிப்பறை கிழிந்திருந்தால் சில மருந்துகள் கேட்கும் திறனையே கெடுத்துவிடும். பட்ஸ் குச்சியும் வேண்டாம். அழுக்கை அது இன்னும் உள்ளேதான் தள்ளும்.