துருவ நட்சத்திரம் சொல்லும் ஊர்



இரவு வானத்தைப் படம் பிடிப்பது பற்றிப் பேசச் சொன்னார்கள். நம்ம காரைக்கால் கடற்கரையில் வடக்கே பார்த்து நின்று, கையை நீட்டி முஷ்டியை மடக்குங்கள். அடிவானத்துக்கு மேலே ஏறத்தாழ ஒரு முஷ்டி உயரத்தில், 11 டிகிரியில், துருவ நட்சத்திரம் நிற்கும். லண்டனில் அது 51 டிகிரி. அதன் உயரம்தான் ஊரின் அட்சரேகை. இங்கே அது தாழ்ந்து நிற்பதால், அலைக்கரையையும் அதையும் ஒரே படத்தில் அடக்கலாம்.

கேமராவை ஸ்டாண்டில் வையுங்கள். 20 மி.மீ. லென்ஸ் என்றால் 500-ஐ 20-ஆல் வகுத்து, 25 விநாடி. அதைத் தாண்டினால் நட்சத்திரம் கோடாக இழுபடும். 16 படம் எடுத்து, நட்சத்திரங்களைப் பொருத்திக் கம்ப்யூட்டரில் சராசரி போட்டால், மணல் தூவினாற்போன்ற புள்ளிகள் கால்பங்காகக் குறையும். நகராத தரையைத் தனியாகச் சேர்க்க வேண்டும்.

வெளிச்சத்தைக் கூட்டுங்க, குறைங்க. ஆனா வேற ஊர் வானத்தை நம்ம கரை மேல ஒட்டாதீங்க. துருவம் உயரமா நின்னா, அது காரைக்கால் இல்லை! 2004 சுனாமி கண்ட கரை இது. நாளைக்கு இது எப்படி இருந்ததுன்னு பேரப்பிள்ளைகள் கேட்டா, உங்க படம்தான் சாட்சி. சாட்சி பொய் சொல்லலாமா?