ஈரக் கையும் மின்சார வாளும்

பிழைப்பை நாடி வெளி மாநிலங்களில் குடியேறிய நம்மவர்கள், சற்றே வசதி வந்ததும் செய்ய விரும்பும் காரியங்களுள் ஒன்று, குளியலறையையும் சமையலறையையும் புதுப்பிப்பது. பழைய சிமெண்டுத் தரையைப் பெயர்த்துவிட்டு டைல் பதிக்கிறோம். எந்த நிறம், என்ன விலை, எத்தனை சதுர அடி என்றெல்லாம் நாட்கணக்கில் ஆலோசிக்கிறோம். அந்த டைலை வெட்டுகிறவர் எதைக் கொண்டு வெட்டுகிறார், எங்கே நின்று வெட்டுகிறார் என்பதை மட்டும் கேட்பதில்லை. இன்று இதைப் பேச முற்பட்ட நாமும் ஒரு சமயம் கேளாதிருந்தவர்களே.

தில்லியில் நாம் குடியிருக்கும் வீட்டில் குளியலறைத் தரையை மாற்றிய நாள் அது. மேஸ்திரி கையால் பிடிக்கும் வெட்டு யந்திரத்தை இயக்கிக்கொண்டிருந்தார். உதவியாளான இளைஞர், மூடியில் துளையிட்ட பாட்டிலிலிருந்து சுழலும் சக்கரத்தின்மீது நீரைப் பீய்ச்சிக்கொண்டிருந்தார். இருவர் காலிலும் செருப்பில்லை. தரையில் நீர் தேங்கி நின்றது. யந்திரத்தின் கம்பிக்குப் பிளக் இல்லை. உறை சீவிய இரு முனைகளையும் சுவரிலிருந்த துளைகளில் நுழைத்து, தீக்குச்சிகளால் இறுக்கியிருந்தார்கள். வாசற்படியில் நின்று நாம் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். திடீரென்று மேஸ்திரியின் கை நடுங்கிற்று. வாய் திறந்தது, குரல் எழவில்லை. பிடியை விடவும் அவரால் முடியவில்லை. பதறிப் பின்வாங்கிய இளைஞரின் கால் கம்பியில் இடறிற்று; தீக்குச்சி கழன்றது; மின்சாரம் அறுந்தது. இடறியிராவிட்டால் அன்று நடந்திருக்கக்கூடியதை நினைக்கவே நெஞ்சு பதறுகிறது.

மொழிபெயர்ப்பு நமது உத்தியோகம். எத்தனையோ எச்சரிக்கை வாசகங்களை மொழிபெயர்த்திருக்கிறோம். அன்று மாலை அந்த யந்திரத்தின் பெட்டியில் கிடந்த குறிப்புத் தாளை எடுத்துப் படித்தோம். சொல்லவேண்டியது யாவும் அதில் இருந்தது, ஆனால் ஆங்கிலத்தில். மேஸ்திரிக்கு ஆங்கிலம் தெரியாது. தெரிந்த நாமோ தாளைப் பார்க்கவில்லை. ஆகவே, அதிலுள்ள சாரத்தைத் தமிழில் சொல்வது நம் கடமை என்று கருதுகிறோம்.

முதலில் ஓர் ஐயம் எழலாம். நீரால்தானே இந்த ஆபத்து? நீரின்றியே வெட்டினால் என்ன? அது தகாது. வைரத் துகள் பதித்த சக்கரம் நீரின்றேல் கொதித்துக் கெடும். அதனினும் பெரிய தீங்கு ஒன்றுண்டு. டைலிலும் கல்லிலும் உள்ள சிலிக்கா நுண்தூசியாகி நுரையீரலில் படிந்து, சிலிக்கோசிஸ் என்னும் தீராத நோயைத் தரும். கல் தொழிலாளர் மிகுந்த ராஜஸ்தானில், இந்நோய்க்கென்றே 2019-ஆம் ஆண்டில் மாநில அரசு தனிக் கொள்கை வகுக்க நேர்ந்தது. எனவே நீர் வேண்டும். நீர் இருக்கும் இடத்தில் மின்சாரத்தைக் கட்டுக்குள் வைக்கும் வழியும் வேண்டும்.

நம் வீடுகளுக்கு வருவது 230 வோல்ட் மின்சாரம். ஈரம் பட்ட தோல் அதை எளிதில் உள்ளே விடுகிறது. 30 மில்லி ஆம்பியர் அளவுள்ள மின்னோட்டம் நெஞ்சின் வழியே சிறிது நேரம் நீடித்தாலே உயிருக்கு ஆபத்து. சுவரில் உள்ள சாதாரண ஸ்விட்ச் காவலோ, 16 ஆம்பியரைத் தாண்டினால்தான் விழும். அதாவது 500 மடங்குக்கும் மேல். அது கம்பியைக் காக்குமேயன்றி மனிதனைக் காக்காது. மனிதனைக் காப்பது ஆர்.சி.சி.பி. என்னும் கருவி. போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் சமமாக உள்ளனவா என்று அது ஓயாமல் ஒப்பிடுகிறது. 30 மில்லி ஆம்பியர் அளவு கசிந்தால், கண்ணிமைக்கும் பொழுதில் இணைப்பைத் துண்டிக்கிறது. அதிலுள்ள சோதனைப் பொத்தானை வேலை தொடங்குமுன் அழுத்திப் பாருங்கள். "அடிக்கடி விழுகிறது, அதைத் தவிர்த்து நேராக இணைத்துவிடலாம்" என்று யாரேனும் சொன்னால் இசையாதீர்கள். எங்கோ கசிவு இருப்பதால்தான் அது விழுகிறது.

மூன்று முனைப் பிளக்கில் பருத்து நீண்ட முனை எர்த்துக்கு உரியது. பழைய வீடுகளில் அந்தத் துளை இருக்கும். உள்ளே கம்பி இராது. எலக்ட்ரீஷியனைக் கொண்டு சோதித்துக்கொள்வது நலம். சதுரத்துக்குள் சதுரம் பொறித்த யந்திரத்துக்கு இரட்டைக் காப்பு உண்டு. எர்த்துக் கம்பி தேவையில்லை. ஆயினும் உள்ளே நீர் புகுந்தால் அந்தக் காப்பையும் நம்ப முடியாது. கம்பியில் ஒட்டுப் போட்ட இணைப்பு தரையில் கிடக்கக் கூடாது. பிளக்குக்குக் கீழே கம்பி சற்றுத் தொங்கி மேலேறுமாறு விடுங்கள். வழிந்துவரும் நீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும், பிளக்கை எட்டாது. எல்லாவற்றுக்கும் மேலாக, வெட்டுவதைக் குளியலறைக்கு வெளியே மேடையொன்றில் வைத்துக்கொண்டு, பதிப்பதை மட்டும் உள்ளே செய்யச் சொல்லுங்கள். வெட்டுகிறவர் ரப்பர் காலணி அணிவது அவசியம்.

இனி சக்கரத்தைப் பற்றி. டைலைக் காலால் மிதித்துக்கொண்டு வெட்டும் பழக்கம் எங்கும் காணப்படுகிறது. நிமிஷத்துக்கு 10,000 தடவைக்கு மேல் சுழலும் சக்கரத்தின் அருகே கால் விரல்! டைலை மேடையில் பிணைத்து நிறுத்துவதே முறை. காப்பு மூடியைக் கழற்றக் கூடாது. மரம் அறுக்கும் பற்சக்கரத்தை இதில் மாட்டக் கூடாது. முழு வேகம் வந்தபின் மெல்லச் செலுத்த வேண்டும், அழுத்தித் தள்ளலாகாது. கழுத்துத் துண்டும், தொளதொளத்த கையுறையும் ஆகா; கண்ணாடி வேண்டும். சக்கரத்தைத் தொட வேண்டுமானால், ஸ்விட்சை நிறுத்துவது மட்டும் போதாது. பிளக்கையும் பிடுங்கிவிட வேண்டும்.

ஒருவரை மின்சாரம் பற்றிக்கொண்டால் அவரைத் தொடாதீர்கள். முதலில் மெயினை நிறுத்துங்கள். இயலாவிடில், ஈரமற்ற இடத்தில் நின்று உலர்ந்த மரக் கழியால் கம்பியை விலக்குங்கள். நினைவும் மூச்சும் இல்லையெனில் 112-ஐ அழைத்து, உதவி வரும்வரை நடுமார்பை நிமிஷத்துக்கு 100 முதல் 120 முறை வலுவாக அழுத்துங்கள். பிழைத்து எழுந்தவரையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

நாம் நம் வீட்டில் பிறகு என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். மேஸ்திரியை மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். ஆர்.சி.சி.பி. பொருத்தினோம், அதற்கு ஆன செலவு சில பெட்டி டைலின் விலைதான். அவர் உடல் தேறி வேலைக்குத் திரும்பியபோது, குறிப்புத் தாளை இந்தியில் வாசித்துக் காட்டினோம். "பஹலே பிளக் நிகாலியே, ஃபிர் ஹாத் லகாயியே" என்றோம்; முதலில் பிளக்கை எடுங்கள், பிறகு கை வையுங்கள் என்பது பொருள். அவர் சிரித்தார். பின்பு, சோதனைப் பொத்தானை இன்னொரு முறை அழுத்திக் காட்டுமாறு கேட்டார்.

வேற்று மொழி வழங்கும் ஊரில் வாழ்கின்ற நமக்கு, இந்தியோ கன்னடமோ மராத்தியோ வங்காளியோ, அந்த ஊர்மொழியில் நாலு வார்த்தை பேச வரும். கடைவீதியில் பேரம் பேசப் பழகிய அந்த மொழியை, நம் வீட்டில் உழைக்க வந்தவரின் உயிரைக் காக்கவும் பயன்படுத்துவோமாக.