மறுப்பு வந்தால் மனம் தளரற்க

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

நான் மெட்ரிகுலேஷன் தேறியவன். இருபது ஆண்டுகளுக்கு மேலாக ரயில்வே அலுவலகத்தில் எழுத்தனாக இருப்பவன். கம்பனையும் வள்ளுவனையும் பற்றிப் பேசத் தக்கவர்கள் இம்மேடையில் உளர். எனக்குத் தெரிந்தவை விண்ணப்பமும் நகலும் ரசீதுமே. "செவிலியர் படிப்பு முடித்து நம் பெண்கள் பலர் இங்கு வருகின்றனர், பதிவு மறுக்கப்பட்டால் என்ன செய்வது என்று கூறுங்கள்" எனச் செயலாளர் அவர்கள் பணித்தார்கள். அதனால் துணிந்து நிற்கின்றேன்.

படிப்பில் தேறியதனால் மட்டும் ஒருத்தி செவிலியாகப் பணி செய்தல் இயலாது. மாநிலச் செவிலியர் மன்றத்தின் பதிவேட்டில் அவள் பெயர் ஏறுதல் வேண்டும். சென்னை மாகாணத்தில் இதற்குரிய சட்டம் 1926-லேயே பிறந்தது. நாடு முழுமைக்குமாக இந்தியச் செவிலியர் மன்றச் சட்டம் 1947-இல் வந்தது. அங்கீகாரம் பெற்ற தகுதி எந்த மாநிலப் பதிவேட்டில் சேர்வதற்கும் போதுமானது என்று அச்சட்டத்தின் 11-ஆம் பிரிவு விதித்தது. அம்மன்றத்தின் இடத்தில் புதிய ஆணையம் ஒன்றை அமைப்பதற்குப் பாராளுமன்றம் 2023-இல் வேறொரு சட்டம் இயற்றியது. தமிழகத்தில் முறையாகப் பெற்ற தகுதி விந்திய மலையைக் கடந்ததும் செல்லாக் காசாகிவிடுவதில்லை என்பதை மட்டும் நீங்கள் நினைவில் கொண்டால் போதும்.

நிற்க. என் தமக்கையின் மகள் மூன்றாண்டுப் பயிற்சி முடித்து, தமிழகத்தில் பதிவும் பெற்று, மணமாகி இந்நகர்க்கு வந்தாள். மருத்துவமனை ஒன்று அவளுக்கு வேலை தருவதாகச் சொல்லிற்று. இம்மாநிலப் பதிவு மட்டும் வேண்டும் என்றது. மூன்று முறை அலுவலகம் சென்றாள். மூன்று முறையும் சாளரத்தில் இருந்தவர் தாள்களைத் திருப்பித் தள்ளி, "முடியாது" என்றார். மூன்றாம் நாள் மாலை என் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, "மாமா, அப்பா கடன் வாங்கிப் படிக்க வைத்தார். இனி நான் தையல் வேலைக்குத்தான் போக வேண்டும் போலிருக்கிறது" என்று அழுதாள்.

"மறுப்பைக் கடிதமாகக் கொடுத்தார்களா, அம்மா?" என்று கேட்டேன். இல்லை என்றாள். வாயால் சொன்ன மறுப்புக்கு மேல்முறையீடு செய்வது எங்ஙனம்? விண்ணப்பத்தை விரைவுத் தபாலில் அனுப்பி, "மறுப்பதாயின் காரணத்தை எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறேன்" என்று ஒரு வரி சேர்த்தோம். சில வாரங்களில் இரண்டே வரியில் பதில் வந்தது: சான்றுகளில் பெயர் ஒத்திருக்கவில்லை!

அன்பர்களே, இது நம்மவர்க்கே உரிய தொல்லை. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தையின் பெயரே தலைப்பெழுத்து. பள்ளிச் சான்றில் அது முன்னே நின்றது. பயிற்சிச் சான்றில் பின்னே சென்றது. ஆதார் அட்டையில் தந்தையின் முழுப் பெயராக விரிந்தது. திருமணத்திற்குப் பின் கணவன் பெயர் அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது. ஒரே பெண் தாளில் நால்வர் ஆனாள்!

காரணம் தெரிந்தபின் வழியும் தெரிந்தது. நால்வரும் ஒருத்தியே என்று பிரமாணப் பத்திரம் செய்தோம். பயிற்சிப் பள்ளியிலிருந்து உறுதிக் கடிதமும், தமிழகப் பதிவைக் காட்டும் சான்றும் பெற்றோம். மேல்முறையீட்டில் அவளுடைய வறுமையைப் பற்றியோ, சாளரத்தில் இருந்தவரின் கடுமையைப் பற்றியோ ஒரு சொல்லும் எழுதவில்லை. நடந்தவற்றைத் தேதி வரிசையில் எழுதி, கூறப்பட்ட காரணத்திற்கு மட்டும் விடை தந்து, இணைப்புகளுக்கு எண் இட்டு, வேண்டுவது இன்னது என்று முடித்தோம். நான்கு மாதத்தில் பதிவு கிடைத்தது. ஆனால் அம்மருத்துவமனை வேலை அதற்குள் வேறொருவர்க்குப் போயிற்று. இப்பொழுது சிறிய மருத்துவமனை ஒன்றில் இரவுப் பணி பார்க்கின்றாள். நான்கு மாதத்தின் விலை அது.

மேல்முறையீடு யாரிடம், எத்தனை நாளுக்குள் என்பது அந்தந்தச் சட்டத்தைப் பொறுத்தது. மறுப்புக் கடிதம் வந்த அன்றே அதனைக் கேட்டறிக. எங்கள் ரயில்வேயில் தண்டனை பெற்ற ஊழியர்க்கு 1968-ஆம் ஆண்டு விதிகளின்படி 45 நாள் உண்டு. நாள் தவறியதால் தக்க வழக்கையும் இழந்தவர்களை நான் கண்டிருக்கின்றேன். பதிலே வாராவிடின், 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி கோப்பின் நிலையைக் கேட்கலாம். 30 நாளுக்குள் விடை தருதல் வேண்டும். எங்கும் நியாயம் கிட்டாவிடின், அரசியலமைப்பின் 226-ஆம் பிரிவின்கீழ் உயர் நீதிமன்றம் இருக்கின்றது. வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று அஞ்ச வேண்டா. 1987-ஆம் ஆண்டின் சட்டப்படி, பெண்களுக்கு வருமானம் எவ்வளவாயினும் இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை உண்டு. மாவட்ட நீதிமன்றத்தில் உள்ள சட்டப் பணிகள் குழுவை அணுகுக.

இறுதியாக ஒன்றை ஒளியாது சொல்ல வேண்டும். தமக்கை மகளின் பொருட்டு அந்தச் சாளரத்தின்மீது சினந்த அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. சில ஆண்டுகளுக்கு முன், இருப்புப்பாதைத் தொழிலாளி ஒருவரின் விதவை குடும்ப ஓய்வூதியத் தாள்களுடன் என் மேசைக்கு வந்தார். ஒரு தாளில் பெயர் 'அம்மா' என்று முடிந்தது. மற்றொன்றில் 'அம்மாள்' என்று முடிந்தது. "ஒத்து வரவில்லை" என்று நானும் வாயாலேயே திருப்பி அனுப்பினேன். என்ன தாள் கொண்டுவர வேண்டும் என்று எழுதித் தரவில்லை. அந்த மூதாட்டி பின்னர் எத்தனை முறை அலைந்தாரோ! இப்பொழுது என் மேசையிலிருந்து எவரையும் எழுத்தில்லாமல் திருப்புவதில்லை. அந்த அளவிலேனும் கடன் தீர்க்க முயல்கின்றேன்.

பெற்றோர்களே, இன்றிரவே உங்கள் பிள்ளைகளின் சான்றுகளை எடுத்துப் பெயர்களை ஒப்பிட்டுப் பாருங்கள். மறுப்புக் கடிதம் பெற்ற சகோதரிகள் அதனைக் கிழித்துவிடாமல் சங்கத்திற்குக் கொண்டு வாருங்கள். ஞாயிறுதோறும் காலையில் வாசகசாலையில் இருப்பேன். மனு எழுத என் கை உதவும். ஆண்டவன் அருளால் நம் பெண்கள் எந்த ஊரிலும் தலைநிமிர்ந்து பணி செய்வார்களாக!