ஒளி பார்க்கும் நாடி



மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து வாத, பித்த, கபங்களை அறிவதையே நாடி பார்த்தல் என்று நம் டெல்டாச் சிற்றூர்களில் சொல்லி வந்தோம். நம்மைத் தொடத் தயங்கியோர் மிகுந்திருந்த அந்நாளில், அம்மூன்று விரல்கள் நம் தெருவுக்கு எளிதில் வந்தனவல்ல. அதனால்தான், விரலுக்குப் பதிலாக ஒளியே நாடி பார்க்கும் என்னும் செய்தி நமக்குத் தனி இனிப்புடையதாகிறது.

1937-இல் அமெரிக்க உடலியல் அறிஞர் ஆல்ரிக் ஹெர்ட்ஸ்மன் இம்முறையை விளக்கினார். இதயம் துடிக்குந்தோறும் தோலடி நுண்குழாய்களில் குருதி பெருகி, ஒளியை மிகுதியாக உறிஞ்சுகிறது. தணிந்ததும் ஒளி கூடுகிறது. கல்லணையில் மதகு திறந்ததைக் கடைமடை வாய்க்காலின் நீர்மட்டம் கண்டு அறிகிறோமே, அதுபோன்றதே இது. விரல்நுனிதான் உடலின் கடைமடை. குழாய்ச் சுவர் இறுகிப்போனால் அலை விரைந்தோடும். அதன் இரண்டாம் மேடு மங்கும். துடிப்புகளுக்கிடையே ஒழுங்கு குலைந்தால், பக்கவாதத்துக்கு வழிகோலும் இதயக் கோளாறு உண்டோ என ஐயுற்று இ.சி.ஜி. எடுத்துப் பார்க்கலாம்.

ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அவோயாகி 1974-இல் சிவப்பொளியையும் அகச்சிவப்பொளியையும் ஒப்பிட்டுக் குருதியின் பிராணவாயுவை அளக்க வழி கண்டார். கொரோனாக் காலத்தில் நம் விரல்களைக் கவ்விய சிறு கருவி அவ்வழி வந்ததே.

ஒளிக்குத் தீட்டில்லை; ஆயினும் அது நிறம் பார்க்கிறது. தோலின் கருநிறப் பொருளும் ஒளியை உறிஞ்சுமல்லவா? 2020-இல் வெளியான மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வு, கருவி 92 முதல் 96 வரை காட்டியபோதே குருதியில் உண்மை அளவு 88-க்கும் கீழே இருந்தமையைக் கருப்பின நோயாளர் சோதனைகளில் நூற்றுக்கு 11.7 என்றும், வெள்ளையரிடம் 3.6 என்றும் கண்டது. பல்வேறு தோல் நிறத்தாரிடம் கருவிகளைச் சோதித்திட வேண்டுமென அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2025 ஜனவரியில்தான் வரைவு நெறிகளை வெளியிட்டது. எத்துணைக் காலதாமதம்! பொறியியல் பயிலும் நம் பிள்ளைகள், எவருடைய கைகளில் சோதித்தீர்கள் என்று கேட்டே இத்துறைக்குள் புகவேண்டும்.

நாற்றுப் பறித்துக் கரையேறிய குளிர்ந்த ஈரக்கையில் இக்கருவி சரிவரப் படிக்காது. துடைத்து, கை வெதுவெதுப்பான பின் மாட்டுங்கள், நகச்சாயம் வேண்டாம். எண் நன்றாயிருந்தும் மூச்சு வாங்கினால், எண்ணை நம்பாமல் மருத்துவரிடம் செல்லுங்கள். இரத்த அழுத்தத்துக்கோ, கையில் பட்டை கட்டி அளப்பதே இன்றும் நம்பத்தக்கது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தார் வீடு தேடி வரும் நாளில், வயலுக்குப் புறப்படுமுன் கையை நீட்டுங்கள்.