நமக்குள்ளே ஒரு கட்டடம்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



"சிவில் படிச்சவன் எலும்பைப் பத்திப் பேச வந்துட்டானே!" என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுப்பது கேட்கிறது. நியாயம்தான். ஆனால் பீம், தூண், ஜாயின்ட், லோடு என்று நான்கு வருஷம் இந்தக் கல்லூரியில் நாம் படித்த அத்தனையும் நம் தோலுக்கு அடியிலேயே இருக்கிறது. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

முதலில் கணக்கு. பிறக்கும்போது ஒரு குழந்தைக்கு 270க்கும் மேற்பட்ட எலும்புத் துண்டுகள். வளர வளரப் பல ஒன்றோடொன்று சேர்ந்து, பெரியவர்களுக்கு 206 ஆகிறது. மண்டை ஓடு, முதுகெலும்பு, விலா என்று நடு அச்சில் இருப்பவை 80. தோள், இடுப்பு, கை, கால் என்று அதில் தொங்குபவை 126. இதில் வேடிக்கை என்னவென்றால், இரண்டு கைகளிலும் மணிக்கட்டிலிருந்து கீழே 54, இரண்டு பாதங்களிலும் 52. மொத்தத்தில் பாதிக்கு மேல் அங்கேயே போய்விட்டது! பேனா பிடிக்கவும், மேடுபள்ளத்தில் கால் ஊன்றவும் அத்தனை ஜாயின்ட் தேவைப்படுகிறது.

தாங்குவது மட்டுமா இதன் வேலை? மூளைக்கும் இதயத்துக்கும் கவசம் இதுதான். தசை இழுக்கும்போது நெம்புகோலும் இதுதான். உள்ளே இருக்கும் சிவப்பு மஜ்ஜை, நாளொன்றுக்கு ஏறக்குறைய 20,000 கோடி சிவப்பணுக்களை உற்பத்தி செய்கிறது. உடம்பின் கால்சியத்தில் 99 சதவீதம் இங்கேதான் டெபாசிட். ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் உடம்பு யாரையும் கேட்காமல் இந்தக் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ளும். இதை மனதில் வையுங்கள், பிறகு வருகிறேன்.

அடுத்து மெட்டீரியல். கான்கிரீட் அமுக்கத்தைத் தாங்கும், இழுவையில் விரிசல் விடும். அதனால்தானே கம்பி கட்டுகிறோம்? எலும்பிலும் அதே ஏற்பாடு. கால்சியமும் பாஸ்பரஸும் சேர்ந்த தாது உப்பு கான்கிரீட் மாதிரி. கொலாஜன் என்ற புரத நார் கம்பி மாதிரி. சந்தேகம் இருந்தால் ஒரு கோழி எலும்பைச் சில நாள் வினிகரில் ஊறப்போடுங்கள். தாது கரைந்து, எலும்பு ரப்பராக வளையும். அதையே நெருப்பில் சுட்டால் நார் எரிந்துபோய், தொட்டால் நொறுங்கும். இரண்டும் சேர்ந்திருக்கும்போது, கெட்டியான எலும்பு சதுர மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 170 நியூட்டன் அமுக்கம் தாங்கும். நம் எம்-20 கான்கிரீட்டைப் போல எட்டு மடங்கு. அதுவும் அதைவிடக் குறைந்த எடையில்!

இனி டிசைன். தொடை எலும்பின் நடுப்பகுதி குழாய். வளைவில் ஸ்ட்ரெஸ் ஓரத்தில்தான் அதிகம், நடுவில் சரக்கு போட்டு வீணாக்குவானேன் என்று எவரோ கணக்குப் போட்ட மாதிரி இருக்கும். இடுப்போடு சேரும் தலைப்பகுதியிலோ, உள்ளே தேன்கூடு மாதிரி மெல்லிய எலும்பு இழைகள். 1860களில் சூரிச் நகரில் ஹெர்மன் வான் மேயர் என்ற உடற்கூறு பேராசிரியர் அந்த இழைகளை வரைந்து வைத்திருந்தார். அங்கே இருந்த பொறியியல் பேராசிரியர் கார்ல் குல்மான் அந்தப் படத்தைப் பார்த்தார். வளைந்த கிரேன் ஒன்றில் ஸ்ட்ரெஸ் எந்தத் திசையில் ஓடும் என்று தான் போட்ட கோடுகளைப் போலவே அந்த இழைகள் ஓடுவதைக் கண்டு வியந்தார். பிறகு 1892-ல் ஜெர்மன் மருத்துவர் யூலியுஸ் வோல்ஃப், எலும்பு தன்மேல் விழும் சுமைக்கு ஏற்பத் தன் வடிவத்தையே மாற்றிக்கொள்கிறது என்று நூலாக எழுதினார். அவர் கணக்கில் பின்னால் வந்தவர்கள் திருத்தம் சொன்னாலும், அடிப்படைக் கருத்து நிலைத்துவிட்டது.

நண்பர்களே, நாம் கட்டும் கட்டடத்துக்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான். நாம் கட்டிய பீம் சாவி கொடுத்த நாளிலிருந்து தேய ஆரம்பிக்கிறது. எலும்புக்குள் இடிக்கிற கோஷ்டி ஒன்று, கட்டுகிற கோஷ்டி ஒன்று என இரண்டு வகை செல்கள் ஓயாமல் வேலை பார்க்கின்றன. வருஷத்துக்குப் பத்தில் ஒரு பங்கு எலும்பு புதுசாகிறது. எங்கே கட்டுவது என்பதை லோடு தீர்மானிக்கிறது. டென்னிஸ் வீரர்களுக்கு மட்டை பிடிக்கும் கை எலும்பு மற்றதைவிடத் தடிமன். எடையே இல்லாத விண்வெளியில் மிதக்கும் வீரர்களுக்கோ, இடுப்பெலும்பில் மாதத்துக்கு ஒரு சதவீதத்துக்கு மேல் கரைந்து போகிறது. விண்வெளிக்குப் போகாமலே நாற்காலியில் மிதக்கிறவர்கள் நாம்! காலையில் காரில் உட்கார்ந்து, ஆபீஸில் உட்கார்ந்து, ராத்திரி சோபாவில் உட்கார்ந்தால் கட்டுகிற கோஷ்டிக்கு யார் ஆர்டர் கொடுப்பது?

மாணவச் செல்வங்களே, உங்களுக்குத்தான் இது முக்கியம். எலும்பு வங்கியில் சேமிப்பு உச்சத்துக்கு வருவது முப்பது வயதுக்குள். பிறகு எடுப்புதான் அதிகம், போடுவது குறைவு. பெண்களுக்கு மாதவிடாய் நின்றபின் இழப்பு வேகமெடுக்கும். ஆகவே இப்போதே ஓடுங்கள், குதியுங்கள், படியேறுங்கள். பாலும் கேழ்வரகும் மெஸ்ஸில் வந்தால் முகம் சுளிக்காதீர்கள். நூறு கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம். அதை உடம்பு உறிஞ்ச வைட்டமின் டி வேண்டும். அது நம்ம ஊர் வெயிலில் இலவசம்!

என் வயது நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. நம் வீட்டில் அப்பா அம்மாவுக்கு வயதாகிவிட்டது. குளியலறையில் வழுக்கி விழுந்தால் பல நேரம் முறிவது, அந்தக் குல்மான் பார்த்த தொடை எலும்பின் கழுத்துதான். பிறகு படுக்கை, அதனால் மேலும் எலும்பு இழப்பு. ஒரு கைப்பிடிக் கம்பியும் வழுக்காத தரையும் போட நாம் என்ஜினீயராக இருக்க வேண்டியதில்லை, பிள்ளையாக இருந்தால் போதும். இன்னொன்று: வலது இடுப்பு வலித்தால் கைத்தடி இடது கையில் இருக்க வேண்டும். வலது காலில் நிற்கும்போது உடம்பின் எடை இடப்பக்கமாகச் சாய்க்கப் பார்க்கும். அதைப் பிடித்து நிறுத்தும் இடுப்புத் தசையின் கை குட்டை; இடது கைத்தடியின் கை நீளம். நெம்புகோல் தத்துவம்தான்! வீட்டுக்குப் போனதும் தடி எந்தக் கையில் இருக்கிறது என்று பாருங்கள்.

மதியச் சாப்பாடு மாடி ஹாலில் என்று சொன்னார்கள். லிஃப்ட் பக்கம் போகாமல் முடிந்தவர்கள் படியேறி வாருங்கள், கட்டுகிற கோஷ்டிக்கு இன்றைய ஆர்டரைக் கொடுத்துவிடலாம்.