வலிமைக்கு முன் வடிவறிதல்



எஞ்சினில் இறுகிய போல்ட்டைக் கழற்றுமுன் அதன் தலையின் வடிவத்தை அறிதல் வேண்டும். பள்ளத்தில் ஆறு வளைமுனைகள் காணப்படின், அது 1967-இல் அறிமுகமான டார்க்ஸ். பன்னிரு கூர்முனைகள் இருப்பின், அது பெரும்பாலும் மூன்று சதுரங்களை அடுக்கிய வடிவம். ஃபோக்ஸ்வாகன் முதலிய ஜெர்மானியக் கார்களில் மிகுதி. இவற்றில் ஆலன் கீயைச் செலுத்தினால் முனைகள் மழுங்கும். பின்னர் துளையிட்டே எடுக்க நேரும்.

முதலில் பள்ளத்தின் அழுக்கைச் சுரண்டி நீக்குக. ஊடுருவும் எண்ணெய் இட்டுப் பொறுத்திருக்க. அலுமினியத்தில் இறுகியதாயின், எண்ணெயைத் துடைத்தபின் அளவாகச் சூடேற்றுக. அலுமினியம் எஃகைப்போல் ஏறத்தாழ இருமடங்கு விரிவதால் பிடிப்புத் தளரும். உரிய பிட்டை முழு ஆழம் இறக்கிச் சீராகத் திருப்புக.

அலுவலர்களுக்கு ஒரு வேண்டுகோள்: இவ்விரு வகை பிட்டுகளும் ஒவ்வொரு தொழிற்பயிற்சி நிலையத்திலும் மாணவர் கைக்கு எட்டும்படி இருத்தல் வேண்டும். அவை இன்றேல், கற்பித்த பாடம் பட்டறையில் பயன்படாது.