கேட்பு, வசூல், நிலுவை
(கணியம்பாடிக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தோழர்களே,

நான் வங்கியில் கணக்கெழுதுகிறவன். கவிதையும் எழுதுறேன். இன்னிக்கி கணக்கைத்தான் பேசப் போறேன்.

2023லிருந்து ஊராட்சி வீட்டு வரியை இணையத்தில் கட்டலாம். வரி எண்ணைப் போட்டால் பாக்கி தெரியும். கட்டினால் ரசீது வரும். காலனியில் அது வெறும் தாள் இல்லை. பட்டா இல்லாதவன், ‘இங்கதான் குடியிருக்கேன்’னு காட்டுகிற சாட்சி. ஆனா ரசீது பட்டா ஆகிடாது, மறந்துடாதீங்க.

இது என் கணக்கை எனக்குக் காட்டுகிற ஜன்னல். ஊர்க் கணக்கு எங்கே? டேனரிக்கு, கல்யாண மண்டபத்துக்கு எத்தனை சதுர அடிக்கு வரி போட்டாங்க? எவ்வளவு நிலுவை?

1892ல் பஞ்சமி நிலத்துக்கு ஆணை வந்தது. நிலம் கை மாறினது பதிவேட்டில் இருந்தது; பதிவேடு தாலுகா ஆபீஸ் பீரோவில் இருந்தது. 1994 அக்டோபரில் காரணையில் அந்த நிலத்தைக் கேட்டு இரண்டு உயிர் கொடுத்தோம்.

அதே 1994ல் ராஜஸ்தானில் கூலிக்காரர்கள் வேலைக் கணக்கை ஊர் நடுவே வாசிக்க வைத்தார்கள். அந்தப் போராட்டம் வளர்ந்துதான் 2005ல் தகவல் உரிமைச் சட்டம் வந்தது. அதன் 4ஆம் பிரிவு, யாரும் கேட்காமலே வெளியிடச் சொல்லுது.

ஏழையோட பாக்கியை ஊரறிய ஒட்டி மானத்தை வாங்கச் சொல்லலை. கட்டடம், அளவு, வரி, நிலுவை: பெரிய கட்டடத்திலிருந்து ஆரம்பிக்கட்டும்.

அடுத்த கிராம சபையில எழுந்து நில்லுங்க. கேட்புப் பதிவேட்டை வாசிக்கச் சொல்லுங்க, இணையத்தில் போடத் தீர்மானம் எழுதச் சொல்லுங்க. இதுவரை கேட்பு என்றால் அவங்க நம்மைக் கேட்டது. இனி நாம கேட்போம்.